குவேக்கர்ஸ் ஹில்லின் அறுபத்தெட்டு வீதம்

லிட்கம், சிட்னி
27 மார்ச் 2025

வசந்தினி அக்காவுக்கு,

என்னுடைய நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவிலிருந்தும் போய்விட்டீர்கள். ஆகவே தபாலில் எழுதுகிறேன். தபாலகத்தில் முத்திரை தந்த பெண், "பிறந்தநாள் கார்டா?" என்று கேட்டாள். "இல்லை, சண்டை" என்றேன். அதற்கும் அதே விலைதான் என்றாள்.

உங்கள் முடிவும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று வகுப்பில் படிக்கும் லதீஸ் சொல்லித்தான் தெரிந்து, உங்களுக்குப் போன் எடுத்தேன். மார்ச் எட்டாம் திகதி என் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் ஆங்கிலப் பரீட்சை எழுதினார்கள். சிட்னியில் ஆறு பேர். மெல்பேர்னில், சூமில் படித்த நீங்களும், உங்களோடு வேலை செய்யும் கிரிஜாவும். எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல்தான் வந்திருக்கிறது. உங்கள் கட்டுரை வேறு சிலரின் கட்டுரைகளோடு பெரிதும் ஒத்திருக்கிறது. முடிவை இரத்துச் செய்ய நீங்கள் உடன்பட்டால் புதிதாகப் பரீட்சைக்குப் பதியலாம். உடன்படாவிட்டால் ஏப்ரல் பதினெட்டுக்குள் விளக்கம் எழுதலாம், விசாரணை நடக்கும், குற்றம் என்று கண்டால் இரண்டு வருடம் பரீட்சைப் பக்கம் வர முடியாது.

போனை வைக்க முதல் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்னைக் கள்ளியாக்கிப் போட்டாய்." அக்கா, நான் யாரையும் கள்ளராக்கவில்லை. லிட்கம் பலசரக்குக் கடைக்கு மேலே ஒரு அறை, இருபது பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு வெள்ளைப் பலகை. அங்கே இருந்துகொண்டு ஆறு வருடமாக நான் செய்வது ஒன்றுதான். எந்தக் கேள்வி வந்தாலும் பொருந்துகிற நாலு பந்திகளை எழுதிக் கொடுக்கிறேன். அவற்றில் பரீட்சகர் எதிர்பார்க்கிற பெரிய சொற்கள் எல்லாம் இருக்கும். பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். ஒன்பதுக்கு ஏழு எடுக்கிறார்கள், பெரும்பாலும் கேட்பது அதைத்தான். அவர்களில் ஒருவர் இன்று பார்மசிஸ்ட், ஒருவர் கட்டடப் பொறியியலாளர்.

ஒரு உதவி கேட்கிறேன். முடிவை இரத்துச் செய்ய உடன்படுங்கள். யாராவது கேட்டால் இணையத்தில் பார்த்துப் படித்ததாகச் சொல்லுங்கள். என் பெயரும் வகுப்பின் பெயரும் வேண்டாம். புதிய பந்திகள் தயாராக இருக்கின்றன. அடுத்த முறை ஆளுக்கொரு பந்தியாகத் தருவேன்.

கோபம் ஆறியதும் என் நம்பரைத் திறந்து விடுங்கள்.

தவன்

~

டார்னெய்ட், மெல்பேர்ன்
3 ஏப்ரல் 2025

தவன்,

கோபம் ஆறவில்லை. ஆகவே நானும் தபாலில்தான் எழுதுகிறேன். போனில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முடிக்க முதல் மற்றவர் தொடங்குவோம். கடதாசியில் அது முடியாது.

உன்னுடைய நாலு பந்திகளையும் நான் எப்படிப் பாடமாக்கினேன் என்று உனக்குத் தெரியாது. குசினியில் அரிசி வாளிக்கு மேலே முதலாம் பந்தி. காரின் வெயில் மறைப்பில் இரண்டாவது. டார்னெய்ட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் ரயிலில் மூன்றாவது. வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், துணி மடிக்கும் அறையில் நாலாவது. "நவீன உலகில் இது குறித்து ஏராளமான கருத்துகள் நிலவுகின்றன" என்று தொடங்கும் அந்த முதல் வசனத்தை, ஏராளத்துக்கு நீ போட்ட அந்தப் 'ப்ளெதோரா'வோடு, நித்திரையிலும் சொல்லுவேன். என் மகளே ஒருநாள், "அம்மா, ப்ளீஸ், நோ மோர் ப்ளெதோரா" என்று கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் பந்தியில்தான் அந்த ஆய்வு. 'குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில் அறுபத்தெட்டு வீதமானோர் இந்தக் கருத்தை ஆதரித்தனர்.' எந்தக் கருத்து வந்தாலும் அதே அறுபத்தெட்டு வீதம். புகைத்தலுக்கு எதிராகவும் அறுபத்தெட்டு, பள்ளியில் கைத்தொலைபேசிக்கு ஆதரவாகவும் அறுபத்தெட்டு. அப்படி ஒரு ஆய்வு இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்டபோது, "பரீட்சகர் போய் எண்ணிப் பார்க்கப் போறாரே?" என்றாய். எட்டுப் பேரும் ஒரே நாளில் எழுதினால் அவர் எண்ண வேண்டியதில்லை, தவன்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அன்று என்ன கேள்வி வந்தது என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. வயதானவர்களைக் குடும்பம் பார்க்க வேண்டுமா, முதியோர் இல்லம் பார்க்க வேண்டுமா? அதுதான் கேள்வி.

வவுனியா ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் நேர்ஸ். இங்கே முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் பராமரிப்பாளர். எந்தக் கிழவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் அழுவார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான் என்று சனிக்கிழமையே சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருப்பவரைத் தெரியும். கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பரீட்சைக்காகப் பிறந்தவள் நான் என்று நினைத்தேன். பிறகு கை தானாகப் போனது. ப்ளெதோரா என்று தொடங்கியது. மூன்றாம் பந்தியில் நான் என் கிழவர்களை விட்டுவிட்டுக் குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போய்விட்டேன்.

அதற்குத்தான் உன் மேல் கோபம். முடிவு நின்றதற்கு இல்லை.

நான் முடிவை இரத்துச் செய்ய உடன்படமாட்டேன். நேர்ஸ் பதிவு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்களுடைய பரீட்சை முடிவு எதுவும் முறைகேட்டுக்காக இரத்துச் செய்யப்பட்டதா? உடன்பட்டால் அதற்கு ஆம் என்று போட வேண்டும். இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். ஜூலை முடிவதற்குள் பதிவு வந்தால் ஒரு மருத்துவமனை எனக்கு வேலை வைத்திருக்கிறது. கள்ளி என்ற பெயரோடு அந்த வார்டுக்குள் போகமாட்டேன். இணையத்தில் பார்த்தேன் என்றும் சொல்லமாட்டேன்.

வசந்தினி

~

லிட்கம்
10 ஏப்ரல் 2025

அக்கா,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. மூன்றாம் முறை கோபம் வந்தது. கோபத்தோடு எழுதுகிறேன், மன்னிக்கத் தேவையில்லை.

உங்களுடைய இல்லத்தில் யாராவது ஒருவர், டாக்டரோ, மனேஜரோ, 'யுபிக்விட்டஸ்' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எங்கும் பரவிக் கிடப்பது என்று அர்த்தம். பஸ்ஸில்? கடையில்? எங்கும் பரவிக் கிடப்பதற்கான அந்தச் சொல் எங்குமே இல்லை, பரீட்சை மண்டபத்தைத் தவிர. அவர்கள் ஒரு நாடகம் போடச் சொல்கிறார்கள். நான் வசனம் எழுதிக் கொடுக்கிறேன். வடக்குச் சிட்னியில் பணக்காரப் பிள்ளைகளுக்கு இதே வசனத்தை வீட்டுக்கு வந்து எழுதிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் டியூஷன். பலசரக்குக் கடைக்கு மேலே நடந்தால் மட்டும் முறைகேடு.

நான் படகில் வந்தவன். உங்களைப் போல விமானத்தில் வரவில்லை. பன்னிரண்டு வருடம் தற்காலிக விசாவில் இருந்தேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் படிக்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பித்தவன் இங்கே டைல் ஒட்டினேன். முழங்காலில் இருந்துகொண்டு அகராதி படித்தேன். முதல் நேர்முகத்தில் என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரி என்ன காரணம் எழுதினார் தெரியுமா? 'உங்களுடைய வாக்குமூலம் மற்றவர்களின் வாக்குமூலங்களோடு பெரிதும் ஒத்திருக்கிறது.' அதே வசனம், அக்கா. நாங்கள் எது சொன்னாலும் ஒருவர் சொன்னதைப் போலத்தான் மற்றவர் சொல்கிறோமாம். இப்போது எட்டுப் பிள்ளைகளுக்கும் அதே வசனம் வந்திருக்கிறது. நான் ஏன் தலை குனிய வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நன்னடத்தை பார்ப்பார்கள். முறைகேடான வகுப்பு நடத்தினவன் என்று எங்காவது ஒரு வரி ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம் உண்டு. இன்னும் ஒருமுறை பழக விருப்பமில்லை.

நீங்கள் விளக்கம் எழுதத்தான் போகிறீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். எழுதும்போது ஒரு அகதியின் வாயில் மண் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அருந்தவன்

~

டார்னெய்ட்
17 ஏப்ரல் 2025

தவன்,

விளக்கம் இன்று காலை போய்விட்டது. என்ன எழுதினேன் என்று நீ வேறு யாரிடமாவது கேட்டு அறிய வேண்டாம். அப்படியே சொல்கிறேன்.

'அந்தப் பந்திகள் எனக்கு ஒரு வகுப்பில் சொல்லித்தரப்பட்டவை. நான் அவற்றைப் பாடமாக்கினேன். என் நாட்டில் எல்லாப் பாடத்தையும் அப்படித்தான் படித்தேன். உடற்கூற்றையும் மருந்தின் அளவையும் அப்படித்தான் படித்தேன். அதனால் யாரும் சாகவில்லை. யாருடைய தாளையும் நான் பார்க்கவில்லை. அந்த ஆய்வு உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். அதை எழுதியது என் பிழை. ஆனால் அந்தச் சொற்கள் எனக்குத் தெரிந்த சொற்கள். என்னை ஒரு அறையில் தனியாக இருத்தி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். சொல்லித்தந்தவரின் பெயரை நான் தரமாட்டேன்.'

இதை எழுதும்போது வீட்டில் நடந்ததையும் கேள். உன் அத்தான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார்.

"உமக்கு என்ன விசரே? ரெண்டு வருசம் தடை போட்டால் என்ன செய்வீர்?"

"ரெண்டு வருசம் கழிச்சு எழுதுவன்."

"சும்மா ஓம் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப எழுதலாம்தானே. கிரிஜா அப்பிடித்தானே செய்யிறா."

உண்மை. கிரிஜா உடன்பட்டுவிட்டாள். அவள் மதுரைக்காரி, உனக்குத் தெரியும்தானே, எதையும் சிரித்துத்தான் சொல்வாள். மதிய இடைவேளையில், "ஆமா வசந்தி, நான் விட்டுட்டேன். எனக்கு நர்ஸ் பதிவெல்லாம் இல்ல, விசா பாயிண்ட்டுக்குத்தான எழுதினேன். ஆனா ஒண்ணு, அந்தக் குவேக்கர்ஸ் ஹில்ல மொத்தம் எத்தனை பேருதான் இருக்காங்க? உங்க தம்பி சர்வே எடுத்து எடுத்தே அந்த ஊரு ஆளுங்க வீட்ட காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு அகதியின் வாயில் மண் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நீ எனக்கு எழுதியிருக்கக் கூடாது. உன் நிராகரிப்புக் கடிதம் வந்த நாளில் நான் வவுனியாவில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நீ போனில் அதை வாசித்தாய். வார்டில் நின்றுகொண்டு கேட்டேன். ஆகவே அந்த வசனம் எனக்கும் தெரியும்.

ஆனால் அது வேறு, இது வேறு. அன்று உங்களுடைய வாக்குமூலங்கள் ஒத்திருந்ததற்குக் காரணம், அது உங்கள் எல்லோருக்கும் நடந்தது. போரின் முடிவில் ஒரே கடற்கரையில் ஒரே நாளில் நடந்ததை எத்தனை விதமாகச் சொல்ல முடியும்? எங்கள் கட்டுரைகள் ஒத்திருந்ததற்குக் காரணம், அது எங்கள் ஒருவருக்கும் நடக்கவில்லை. இந்த இரண்டையும் நீயே ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், அந்த அதிகாரி சொன்னது சரி என்று ஆகிவிடும். அவருக்கு நீ ஏன் சாட்சி சொல்கிறாய்?

உன் பெயரை நான் காப்பாற்றுவேன். உன் அறுபத்தெட்டு வீதத்தைக் காப்பாற்றமாட்டேன்.

வசந்தினி

~

லிட்கம்
1 மே 2025

அக்கா,

பதில் எழுதத் தாமதம். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

கடந்த ஞாயிறு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது கதிரையில் ஒன்பதுதான் நிறைந்திருந்தது. லதீஸ் முன்வரிசையில் இருந்தான். உங்களுக்கு அவனை சூம் வகுப்பில் தெரிந்திருக்கும், கமெராவை எப்போதும் நெற்றிக்குத் திருப்பி வைத்திருப்பவன். ஓபர்னில் ஒரு பழக்கடையில் வேலை, படிப்பால் மின்னியலாளன். அவனும் விளக்கம் எழுதியிருக்கிறான். எனக்குத் தெரியாது. நான் சொன்னபடியே இணையத்தில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறான். எந்தத் தளம் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.

"மாஸ்டர், அந்த சர்வேன்ர லிங்க் ஒருக்காத் தாங்கோ" என்றான்.

"எந்த சர்வே?"

"குவேக்கர்ஸ் ஹில். நான் மூண்டு நாளாத் தேடுறன், கிடைக்கேல்ல. யூனிவர்சிற்றி பேரையாவது சொல்லுங்கோ."

அக்கா, அவன் அதை உண்மை என்று நம்பியிருந்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "டேய், அது மாஸ்டர் எழுதினது" என்றார்கள். லதீஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஓம், நான்தான் எழுதினனான்" என்றேன்.

"அப்ப ஏன் குவேக்கர்ஸ் ஹில்?"

"டைல் வேலைக்கு வந்த புதுசில அங்க ஒரு கராஜில இருந்தனான். நீளமான பேர். எழுதினால் ஒரு கனம் இருக்கும் எண்டு நினைச்சன்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். ஆனால் சிரித்து முடிந்ததும், "பிரச்சினை இல்லை மாஸ்டர், நான் ஏதாவது ஒரு சைட் பேர் போட்டு விடுறன். உங்கட பேர் வராது" என்றான். மிகவும் அன்பாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. என் முதல் நேர்முகத்துக்குப் போவதற்கு முன், தடுப்பு முகாமில் ஒருவர் இதே அன்போடு எனக்கு ஒரு கதை சொல்லித்தந்தார். இதைச் சொல்லு, விடுவார்கள் என்றார். நான் சொல்லவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொன்னேன். அதற்காகத்தான் பன்னிரண்டு வருடம் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தவன் இன்னொருவனுக்கு ஒரு விசாரணையில் பொய் சொல்லப் பழக்கமாட்டேன்.

அன்றே பரீட்சை அலுவலகத்துக்கு எழுதினேன். என் முழுப் பெயர், வகுப்பின் முகவரி, நாலு பந்திகளின் பிரதி. 'இவற்றை எழுதியவன் நான். எட்டுப் பேரும் எழுதியது என்னுடைய வசனம். அவர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கவில்லை. ஆய்வு என்னுடைய கற்பனை. சொற்களைக் கற்பித்ததற்காக நான் வருந்தவில்லை; இனியும் கற்பிப்பேன்.' கடைசி வசனத்தை எடுத்துவிடும்படி லதீஸ் சொன்னான். எடுக்கவில்லை. குடியுரிமைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

ஆகவே என் பெயரை நீங்கள் காவல் காக்க வேண்டியதில்லை. கேட்டால் உரக்கச் சொல்லுங்கள், எழுத்துக்கூட்டியும் சொல்லுங்கள்.

மே பதினேழாம் திகதி உங்களை மெல்பேர்ன் அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருப்பதாகக் கிரிஜா சொன்னாள். பந்தி அனுப்பமாட்டேன். பன்னிரண்டு சொற்கள் மட்டும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் உங்களுடைய வேலையிலிருந்து ஒரு வசனம் எழுதுங்கள். நடந்ததாக இருக்க வேண்டும். பெரிய சொல் வேண்டாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். எங்களுக்கு "சிம்பிள் வேர்ட்ஸ், டார்லிங்" என்று சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வதில்லை. பந்தியைக் கொளுத்துங்கள். சொல்லை வைத்திருங்கள். அது எங்களுக்கும் உரியது.

தவன்

~

டார்னெய்ட்
9 மே 2025

தவன்,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் பதினேழாம் திகதி வரை எடுக்காதே.

வசனங்கள் தனித்தாளில் இருக்கின்றன. சிலவற்றை இங்கே தமிழில் சொல்கிறேன், நீ திருத்தும்போது எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும்.

'மிட்டிகேட்', தணிப்பது: ஏழாம் அறைப் பெரியவரின் இடுப்பு நோவை மருந்தை விட, படுக்கைக்குப் போகுமுன் ஒரு வெந்நீர்ப் பை அதிகம் தணிக்கிறது.

'எக்ஸாசர்பேட்', மோசமாக்குவது: மறதி நோய் உள்ளவர் பயப்படும்போது சத்தமாகப் பேசுவது அந்தப் பயத்தை இன்னும் மோசமாக்கும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், நானும் செய்தேன்.

'ரிலக்ரன்ட்', மனமில்லாமல்: தாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போகும் மகள் கார் நிறுத்துமிடத்தில் மனமில்லாமல் நிற்கிறாள், அவளைக் கெட்ட மகள் என்று சொல்பவர்கள் எங்கள் ஜன்னலால் ஒருநாளும் பார்த்ததில்லை.

'யுபிக்விட்டஸ்': எங்கள் இல்லத்தில் எங்கும் பரவிக் கிடப்பது கைகழுவும் திரவத்தின் மணம். இதைக் கிரிஜாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆமா, கரெக்ட்" என்றாள். ஆகவே அந்தச் சொல்லை இப்போது எங்கள் இல்லத்தில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறோம். உன் வாதம் ஒன்று தோற்றது.

'ப்ளெதோரா'வுக்கு எழுதவில்லை. எழுதமாட்டேன். வற்புறுத்தாதே.

உன் கடைசி வசனத்தை எடுக்காதது நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையாகப் பதில் சொல். ஆறு வருடமாக இந்தப் பரீட்சைக்குப் படிப்பிக்கிறாய். நீ இதை ஒருமுறையாவது எழுதியிருக்கிறாயா?

அக்கா

~

டார்னெய்ட்
18 மே 2025

தவன்,

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

நகரத்தில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. ஒரு நீண்ட மேசை. ஒரு பெண், ஒரு ஆண். இருவரும் மரியாதையாக நடந்தார்கள். பெண் என் கட்டுரையையும் உன் பந்திகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஆய்வு எங்கே நடந்தது என்று கேட்டார். "எங்கும் நடக்கவில்லை" என்றேன். எழுதியவர் யார் என்று கேட்டார். உன் முழுப் பெயரையும் சொன்னேன், எழுத்துக்கூட்டினேன், என் தம்பி என்றும் சொன்னேன். ஆண், "உங்கள் தம்பியின் கடிதத்தைப் படித்தோம்" என்றார். சிரிப்பை அடக்கினாரா என்று எனக்குத் தெரியாது.

பிறகு அதே கேள்வியைத் தந்தார்கள். குடும்பமா, முதியோர் இல்லமா? நாற்பது நிமிடம் என்னைத் தனியாக விட்டார்கள். சப்பாத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கும் பெரியவரிலிருந்து தொடங்கினேன். இரண்டு பக்கம். உன்னுடைய பன்னிரண்டு சொற்களில் ஐந்து தானாக வந்தன. மற்ற ஏழையும் கூப்பிடவில்லை.

பெண் அதை வாசித்துவிட்டு என்னிடம் தொழிலைப் பற்றிக் கேட்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். மார்ச் முடிவு செல்லாது, ஏனென்றால் அந்தக் கட்டுரை என்னுடையது அல்ல. ஆனால் முறைகேடு என்று எங்கும் பதியப்படாது. தடையும் இல்லை. உடனே எழுதலாம். எட்டுப் பேருக்கும் இதேதான்.

"அப்ப என்னுடைய இந்த ரெண்டு பக்கத்துக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டேன்.

"இதற்குப் புள்ளி இல்லை. இது பரீட்சை அல்ல" என்றார்.

"அப்படியென்றால் பரீட்சையில் திரும்ப எழுதுவேன்" என்றேன்.

வெளியே உன் அத்தான் காரில் இருந்தார். "என்னவாம்?" என்றார். சொன்னேன். காரைத் திருப்பிக்கொண்டே, "உம்மைத் தனி அறையில இருத்தினதுக்கு அவங்களுக்குத்தான் தடை போட வேணும்" என்றார். அந்த மனிதர் அதைவிட அதிகம் பாராட்டியதில்லை.

ஜூன் பதினான்காம் திகதி மெல்பேர்னில் இடமில்லை. சிட்னியில் இரண்டு இடம் இருந்தது. இரண்டையும் பதிந்துவிட்டேன். ஒன்று எனக்கு. மற்றது யாருக்கு என்று உனக்குத் தெரியும். பாஸ்போட் இல்லையே என்று சொல்லாதே, உன்னிடம் பயண ஆவணம் இருக்கிறது, அது போதும் என்று கேட்டு அறிந்துவிட்டேன். பதின்மூன்றாம் திகதி வாறன். சோறு ஆக்கி வை.

அக்கா

~

லிட்கம்
30 ஜூன் 2025

அக்கா,

போனில் உங்கள் முடிவைக் கேட்டுவிட்டு நான் கீழ்க் கடைக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். எழுத்தில் ஏழரை. அவர் ஒரு பெட்டி மாம்பழம் தந்தார், வகுப்பில் வெட்டினோம். பதிவு அலுவலகத்துக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். ஜூலை முடிய இன்னும் நாள் இருக்கிறது. அந்த வார்டுக்குள் நீங்கள் நடந்துபோகும்போது நான் பார்க்க முடியாது. ஆனால் எப்படி நடப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் முடிவைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நீங்களும் கேட்கவில்லை, நன்றி. இப்போது சொல்கிறேன்.

எழுத்தில் ஆறரை.

ஆறு வருடம் படிப்பித்தவனுக்கு ஆறரை. அன்று கேள்வி நகரப் போக்குவரத்தைப் பற்றி. குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து ஐந்து மணி ரயிலில் டைல் வெட்டும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போன நாட்களை எழுதத் தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. கடைசிப் பந்தியில் கை தானாகப் போய் ஒரு ப்ளெதோராவைப் போட்டது. அது வந்ததும் அதன் பின்னால் பழைய பந்திச் சொற்கள் எல்லாம் சொந்தக்காரரைப் போல வந்தன. உங்கள் கதிரை எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தது. உங்கள் முதுகைப் பார்த்தேன். அழிக்க நேரம் இருக்கவில்லை.

இரண்டு நாள் வகுப்பைப் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் முடிவை அச்சடித்து, படி ஏறும் இடத்தில், வகுப்புக் கதவில் ஒட்டினேன். பெயரோடு, படத்தோடு. பழைய பந்திகளை இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. வருகிற எல்லோரும் முதல் நாள் தங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதற்கு என்ன சொல் தேவைப்படுகிறதோ அதைத்தான் தேடிக் கொடுக்கிறேன். சிலர் போய்விட்டார்கள், வேறு வகுப்பில் பந்தி கிடைக்குமாம். போகட்டும். குடியுரிமைக்காரரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வருகிறது வரட்டும்.

நேற்று லதீஸ் படி ஏறி வந்தவன் கதவில் நின்றுவிட்டான். நீண்ட நேரம் நின்றான். நான் உள்ளே பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், உங்களுக்கே ஆறரையா?"

"ஓம்."

"பிறகேன் இதைக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறியள்? ஆக்கள் பார்த்தால் வருவினமே?"

"வாறவை பார்த்துப்போட்டு வரட்டும்."

"எனக்கும் ஆறரைதான் மாஸ்டர்" என்றான். அவனும் ஜூனில்தான் எழுதினான்.

"எனக்குத் தெரியும். ஓகஸ்ட்டுக்கு ரெண்டு இடம் பதிஞ்சிட்டன். கதிரையை இழுத்துப்போட்டு இரு."

தவன்